குப்பை என்று ஒரு ஃபோல்டர்

பழைய வீடியோ டேப்புகளை டிவிடியாக மாற்றிக்கொடுக்கும் எங்கள் கடையில் டேப் ஓட்டும் அக்காவுக்கு நொடியக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். யாருடைய வீட்டு வீடியோ டேப் வந்தாலும் பிளேயரில் போட்டு முழுசாகப் பார்ப்பார். எந்தக் காட்சி எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று கம்ப்யூட்டரில் குறிப்பார். குறித்ததை மட்டும் மென்பொருள் டேப்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். பதினாறு வருஷமாக இதே நாற்காலி, இதே வேலை.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். கேமராவை அணைக்க மறந்து தரையை எடுத்தது, மூடியைக் கழற்றாமல் இருட்டை எடுத்தது, இதையெல்லாம்கூடக் குறித்து இழுத்து, ‘குப்பை’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“டிஸ்க்ல இடம் என்ன கொட்டியா கிடக்கு? அழிச்சித் தொலைங்கக்கா.”

“சரி தம்பி” என்பார். அழித்துத் தொலைத்தாரா என்று நானும் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் தன் மகளோடு வந்தார். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். உள்ளே நுழைந்ததிலிருந்து அந்தப் பெண் வாய் மூடவில்லை. இது என்ன மெஷின், அது என்ன ஒயர் என்று கேட்டுக் கேட்டு என் காதே வலித்தது. டிரைவர் கையில் பத்து வருஷத்துக்கு முன்பு நாங்கள் போட்டுக்கொடுத்த டிவிடி இருந்தது.

“பாப்பா மொதமொதல்ல நடந்தப்ப என் சம்சாரம் எடுத்ததுங்க. அந்த வருஷமே அவ போயிட்டா. எடுத்தது அவதாங்கிறதால படத்துல அவ இல்ல. குரலாச்சும் இருக்கும்னு பாத்தா பாட்டுதான் கேக்குது. டேப்பு, வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப வீணாப்போச்சு. இவளுக்கு அம்மா குரலே தெரியாது. உங்ககிட்ட ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா?”

பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டு ஏற்றியது என் கைவேலை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்தவனும் நானே. இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் நொடியக்கா தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஹார்டு டிஸ்கை எடுத்து மாட்டினார்.

‘குப்பை’ முழுக்க அதில் இருந்தது. தேதியை வைத்துத் தேடினார். ஒரு கிளிப்புக்கு எதிரே அவர் தட்டிய குறிப்பு: ‘தரை. செருப்பு. அம்மா பேசுகிறாள். 21 நொடி.’

திரையில் ஒரு செருப்பு ஆடியது.

“ஏங்க, செவப்பு லைட்டு எரியுதா பாருங்க. எடுக்குதா இல்லையா இது? அங்க பாருங்க, பாப்பா விழப்போறா, புடிங்க... சரி விடுங்க, நானே புடிச்சிட்டேன். நீங்க சிரிச்சிட்டே நில்லுங்க.”

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறாள் என்று நினைத்துப் பெண்ணைப் பார்த்தேன். அவள் நெற்றியைச் சுருக்கியபடி நின்றாள்.

“அப்பா, இது நான் பேசுற மாதிரியே இருக்கு.”

“தெரியும்மா. ஓயாம பேசுறேன்னு உன்னை என்னைக்காச்சும் அதட்டியிருக்கேனா?”

நொடியக்கா யாரும் கேட்காமலே அதை மறுபடி ஓட்டினார்.