முகம் விழாத படம்

இதைக் கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கல்முனையில் படம் பிடித்துப் பிழைத்த சீனிமுகம்மது பயந்த ஆளில்லை. மையவாடியில் புதைகுழிக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்னாலும் தலையணை கேட்கிறவர். அவரே அல்லாஹ் மீது ஆணையிட்டுச் சொன்னது இது. நடந்தது 1982 ஆகஸ்ட் மாதம்.

நதீரா அவருக்குத் தங்கை முறை; அண்ணன் என்று ‘காக்கா’ போட்டுத்தான் கூப்பிடுவாள். அவள் புருஷன் மீராமுகைதீன் சவூதியில் மேசன் வேலை. ஒரே மகள் கமீலா, ஏழு வயது, எப்போதும் இரட்டைச் சடை. ஜூன் மாதம் மூன்று நாள் காய்ச்சலில் அந்தப் பிள்ளை மௌத்தாகிவிட்டது. அடக்கியதைத் தகப்பனுக்கு யாரும் எழுதவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம், பாஸ்போட் முதலாளியின் கையில். அவனோ கடிதத்துக்குக் கடிதம் மகளின் படம் கேட்டுக்கொண்டிருந்தான். நதீரா சீனிமுகம்மதுவின் கடைக்கு வந்தாள்.

“தங்கச்சிட மகள் சுல்பிகாக்குக் கமீலாட சட்டையப் போட்டுக் கூட்டி வாறன். முகம் மட்டும் தெரியப்படாது காக்கா.”

“இது பாவம் புள்ள.”

“தெரியும். உண்மை தெரிஞ்சா அவர் அங்கயே விழுந்துருவார். வேற என்ன செய்ற?”

முகத்தைத் துலக்கிக் காட்டுவதுதான் அவர் தொழில். மறைக்கச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான். மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யார் மறுத்துப் பேசுவது?

உச்சி வெயில் ஒருவர் பேச்சும் கேட்காது. சாய்ந்த வெயில்தான் சொன்னபடி கேட்கும். அதனால் அறுவடை முடிந்த நற்பிட்டிமுனை வயலுக்கு மாலையில் மூவரும் போனார்கள்.

மணி 5.45. சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். சுல்பிகாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்தார்.

க்ளிக்.

‘களுக்’கென்று யாரோ சிரித்தார்கள். சுல்பிகா சிரிக்கவில்லை. வெயில் பட்டுக் கண் கூசிக்கொண்டு நின்றாள்.

“இது வேணாம் காக்கா. ஆளை நல்லாத் தெரியும்.”

மணி 5.56. வடக்குப் பார்த்து நின்று, பக்கவாட்டு வெயிலில் ஒன்று. பாதி முகம் ஒளி, பாதி இருட்டு. அப்போதுதான் அவர் நிழலைப் பார்த்தார். சுல்பிகாவுக்குப் பேன் தொல்லை என்று தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வரம்பில் நீண்டு கிடந்த நிழலில்... இரண்டு சடை தொங்கியது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

இரண்டு சடைதான்.

மணி 6.04. பிள்ளைக்குப் பின்னால் சூரியன். கமராவுக்குள் அவள் வெறும் கறுப்பு உருவம். காற்று நின்றிருந்தது. சட்டையின் ஓரம் மட்டும் ஆடியது...

“மாமா.”

“அசையாத மகள்.”

“கமீலா ராத்தா ஏன் எனக்குப் பின்னால நிக்கிறா?”

சீனிமுகம்மதுவின் விரல் தானாக அழுத்தியது.

க்ளிக்.

நதீரா பயப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. “எங்க? எங்கடி நிக்கிறா?” என்று ஓடினாள். பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு வெறுங்காற்றைக் கட்டிப் பிடித்தாள்.

அங்கே ஒன்றுமில்லை.

இருட்டறையில் படத்தைக் கழுவிப் பார்த்தார். பயந்தபடி எதுவும் இல்லை. ஒரே ஒரு பிள்ளை. முகம் முழுக்க இருட்டு. இரண்டு பிரதி போட்டார். ஒன்று சவூதிக்குப் போனது. மற்றது நதீராவிடம்.

முப்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. அவள் அதைக் கடைக்கே கொண்டுவந்தாள்.

“வாசிங்க காக்கா.”

வாசித்தார். ‘படம் கிடைச்சது. மகள் வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிறாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறன். கீழ்ப்பல்லு எப்ப விழுந்த? எனக்கு ஏன் எழுதல்ல?’

அவர் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் கண்ணில்லை, வாயில்லை. ஒன்றுமே பதியவில்லை.

“கமீலாக்குப் பல்லு விழுந்திருந்ததா?” என்று கேட்டார்.

“ஓம். மௌத்தான அண்டு விடியச் சுபஹுக்கு என்ட கையிலதான் விழுந்த. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல காக்கா.”

அவள் தன் பிரதியை மேசையில் வைத்தாள். பார்த்துப் பார்த்து அதன் ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது.

“அவருக்குத் தெரியிற முகம், பெத்த எனக்கு ஏன் தெரியுதில்ல?”