சைனிக்புரி வழியே ஒரு கப்பல்

லலிதா இறந்த செய்தி எனக்குச் சுற்றறிக்கையாக வந்தது. இரங்கல் கூட்டம் மாலையில், வருகை கட்டாயம். துக்கத்துக்கும் வருகைப்பதிவு வைக்கும் அலுவலகம் எங்களுடையது. ஹப்சிகுடா பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய், வந்த எந்தப் பேருந்திலும் ஏறாமல் திரும்பி வந்தேன்.

அவரை அறியாதவர்களுக்கு அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கப்பல்கள் கடலடியை அளந்து அனுப்பிய பழைய பதிவுகளில் பிழை தேடுவது. கடலே இல்லாத ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு வங்காள விரிகுடாவைத் திருத்தினோம். ஒரு நாள் அச்சுத்தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"என்ன சார், உங்க கப்பல் சைனிக்புரி வழியா போயிருக்கு. பட்டாளத்துக்காரங்க சும்மாவா விட்டாங்க?"

தீர்க்கரேகையில் எண்பத்தெட்டை யாரோ எழுபத்தெட்டாகப் பதித்ததில், கடலில் போன கப்பல் எங்கள் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் குடியிருக்கும் சைனிக்புரிக்கு வந்துவிட்டது. அதை அடித்து மறைக்கப் போனேன். பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"மறைக்கிறது நக்கோ சார். பக்கத்துல சரியானத எழுதி, உங்க பேரைப் போடுங்க. நாளைக்கு நம்ம தப்பையும் ஒருத்தன் கண்டுபிடிக்கணும்லா?"

தூத்துக்குடியில் பிறந்தவர்; 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' மட்டும் ஹைதராபாத் கொடுத்தது. ஆய்வுக் கப்பலில் போக ஆண்டுதோறும் விண்ணப்பித்தார். பெண்களுக்குத் தனிக் குளியலறை இல்லை என்று ஆண்டுதோறும் பதில் வந்தது. இயக்குநரின் மைத்துனர் ஒருமுறை காற்று வாங்கப் போனார், அவருக்கு இடமிருந்தது. பொழுது போகாமல் அவர் குறித்த அளவுகளும் லலிதாவிடமே வந்தன.

"வாந்தியெடுத்த இடத்தை மட்டும் சரியா குறிச்சிருக்காரு" என்றார். சிரித்தோம். பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க தண்ணி என்ன நிறமா இருக்கும் சார்?"

எங்கள் பதிவுகளில் அதற்குக் கட்டம் கிடையாது.

இந்த ஆண்டு மருத்துவமனையிலிருந்து விண்ணப்பித்தார். "இப்பமாவது குளியலறை கட்டிருப்பாங்க" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தனுப்பினார். நடக்கவே முடியாதவரின் விண்ணப்பத்தை நானும் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டேன். பதில் இன்னும் வரவில்லை.

கூட்டத்தில் இயக்குநர் வாசித்தார்: "பல கடற்பயணங்களில் பங்கேற்றவர்." தலைகுனிந்து நின்றோம். துக்கத்தில் நிற்பவர்களும் பயத்தில் நிற்பவர்களும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

கலைந்த பிறகு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த இரங்கலுரையில் அதே வரியைப் பார்த்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில், "ஆண்டுதோறும் கேட்டார், ஒருமுறையும் அனுப்பப்படவில்லை" என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.

லலிதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். கூடவே ஒரு கேள்வி. கப்பலிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீலம் என்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நீலம் என்று இல்லாமல் அவர் அதை ஏற்றிருக்க மாட்டார்.