மூடி மாறி வந்த ரீல்

படம் காட்டுகிறவனுக்குப் படம் பார்க்கக் கொடுத்து வைக்காது. கல்யாணப் பந்தியில் பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். பகலில் தெலுங்குச் சீமையில் குஷாய்குடா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சனிக்கிழமை மாலையானால் எங்கள் திரைப்படச் சங்கத்தின் ஆபரேட்டர்.

பெயரைக் கேட்டதும்

புரொஜெக்டரில் எனக்குத் துணை கரீம். எங்கள் செக்‌ஷன் டெக்னீஷியன், தமிழர்களோடு வேலை பார்த்தே தமிழ் பழகியவர். பிரசவத்துக்குப் போன மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வர வீடு தேடிக்கொண்டிருந்தார். வீடு கிடைக்கும்வரை பிள்ளை முகத்தைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும்.

நான் குடியிருந்த வீட்டின் மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரர் வைத்தியநாதன், ரிட்டயரான ரயில்வேக்காரர். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்துகொண்டே டாக்டரை அழைத்து வந்தவர். அந்த நம்பிக்கையில் கரீமைக் கூட்டிப்போனேன். பெயரைக் கேட்டார். "ஆள் வந்தாச்சேப்பா" என்றார். வாசலில் 'டு லெட்' போர்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கரீமோ சிரித்தார்.

"ஹவ் சாப், ஆமா சார், என் பேரைக் கேட்டாப் போதும், காலி வீடெல்லாம் நிரம்பிடுது!"

ஹீரோ யார்?

அந்த வாரம் வந்தது ஓர் இந்திப் படம். ஒரே கட்டடத்தில் ஆறு குடும்பங்கள். சாதி, மதம், பாஷை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒருவரை ஒருவர் ஒதுக்குவார்கள். ஆனால் ஒரு வீட்டில் பற்றிய அடுப்பின் புகை அடுத்த வீட்டில்தான் நுழையும். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. அருமையான படம், எங்கள் கூட்டத்துக்குத்தான் பிடிபடவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும், அதற்குள் சபை கூடிவிடும். முதல் ரீல் முடிந்ததும் கமலா மாமி எழுந்து வந்தார்.

"யாரு ஹீரோன்னு மட்டும் சொல்லிடுங்கோ சார், மத்தவா வரச்சே நான் முறுக்கு சாப்டுக்கறேன்."

முன்னே பின்னே

விநியோகக் கம்பெனியில் யாரோ டப்பா மூடிகளை மாற்றிப் போட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதியிருந்ததை நம்பி மாட்டினோம். ஒரு கிழவர் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுகிறார். பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் ஒரே கைதட்டல். முன்வரிசையில் வைத்தியநாதன் எழுந்து நின்றே தட்டினார்.

அடுத்த ரீலில் அதே கிழவர், வீடு கேட்டு வாசலில் நிற்கும் ஓர் இளைஞனிடம் பெயரைக் கேட்கிறார். "ஆள் வந்தாயிற்று" என்று கதவைச் சாத்துகிறார். அந்த இளைஞன்தான் குழந்தையின் அப்பா. வரிசையாக ஓடியிருந்தால் கிழவரை முதலில் திட்டி, பிறகு மன்னித்து, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். கைதட்டி முடித்த பிறகு எங்கே போவது?

விளக்கைப் போட்டேன். வைத்தியநாதன் எழுந்து புரொஜெக்டர் பக்கம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, "ரீல் மாறிடுச்சு, மன்னிக்கணும்" என்றார் கரீம். பெரியவர் அவர் தோளில் கை வைத்தார்.

"மாடிக்கு ஆள் யாரும் வரலைப்பா. கூடத்துல தொட்டில் கட்டக் கொக்கி இருக்கு, குழந்தையை அழைச்சுண்டு வா."

அந்தப் படத்தைச் சரியான வரிசையில் நான் இன்றுவரை பார்த்ததில்லை என்றாலும், மூடியை மாற்றிப் போட்ட அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.