மாரிமுத்து பிடித்த ஆறு பந்துகள்

நாளை மாலை நெரவி அணியுடன் கால்பந்து இறுதி ஆட்டம். எங்கள் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்து நான்கு நாளாகிறது.

கேப்டன் காதருக்கு இதுதான் கடைசி ஆட்டம். வெள்ளிக்கிழமை புதுச்சேரியில், வேலைக்காக சைகோன் போகும் கப்பலில் ஏறுகிறார். கோப்பையை ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

இன்று பயிற்சியில், முன்வரிசையில் ஆடும் இருவரைக் கோலில் நிறுத்திப் பார்த்தார். ஒருவர் பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர் கோலை அப்படியே விட்டுவிட்டுப் பந்தோடு ஓடிவிட்டார்.

கடைசியாக மாரிமுத்துவை நிறுத்தினார். மாரிமுத்து தோணியிலிருந்து தேங்காய் இறக்குபவர். வீசுகிற காயை வாங்கி, பின்னால் நிற்பவரிடம் வீசுவது அவர் வேலை. ஒன்றும் தவறாது.

காதர் ஓங்கி உதைத்தார். மாரிமுத்து தாவி, இரண்டு கையாலும் அழகாகப் பிடித்தார். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள், திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பின்னால் வீசினார். கோல்.

ஆறு முறை உதைத்தார். ஆறும் அப்படியே.

“யோவ், பின்னாடி யாருக்குய்யா வீசுற?” காதர் கத்தினார்.

“யாரும் இல்லன்னு தெரியுது பாய். கை கேக்க மாட்டேங்குதே.”

“கையைக் கட்டிப்போடவும் முடியாதேய்யா!”

நாளை நான்கு மணி வரை பொழுதிருக்கிறது. வாங்கியதைக் கையிலேயே வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா?