இரண்டு கம்பெனி கியரும் பிலோமினாவின் கையும்

1. போன்

பிலோமினா கீழே விழுந்ததை அவரே போன் செய்து சொன்னார்.

"அண்ணா, மலைக்கோயில் மேட்டுல செயின் நழுவிருச்சு. முழங்கையில சிராய்ப்புதான். சைக்கிள எடுத்துட்டு வர்றோம், கடையில இருங்க."

குரலில் கோபம் இல்லை. அந்தச் செயின் நழுவலாம் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் சைக்கிளைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் உலோக அச்சுகள் செய்யும் டூல்ரூமில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பாகலூர் ரோட்டில் சைக்கிள் கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் பேரிகை ஊர் வரை போய்வரும் கூட்டம் ஒன்று இங்கே உண்டு. அவர்களுடைய ரோடு பைக்குகள்தான் எனக்குச் சோறு போட்டன. பிலோமினா அந்தக் கூட்டத்தில் ஒருவர். மத்திகிரிக்காரர். ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றவர். அந்த மெஷின்தான் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதே கம்பெனியில் அவரை குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.

2. பத்துக்குப் பத்து

கை ஆறியதும் அவர் முதலில் கேட்டது சைக்கிளைத்தான். முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன். கியர்தான் சிக்கல். அவருடைய பைக்கில் இருந்தது பிரேக் பிடியோடு சேர்ந்த ஜப்பான் கம்பெனி ஷிஃப்டர். கியரை ஏற்ற ஒரு லீவர், இறக்க இன்னொன்று. இரண்டு விரல் இல்லாமல் அதில் தடுமாறினார்.

"அமெரிக்கா கம்பெனி ஒண்ணு இருக்காம்ணா. ஒரே லீவர். லேசா தள்ளுனா ஒரு பக்கம், நல்லா தள்ளுனா இன்னொரு பக்கம். மோதிர விரல் ஒண்ணு போதும்ல?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஷிஃப்டரை மட்டும் மாற்றிவிட்டு, பின்னால் செயினைத் தள்ளும் டீரெய்லரை ஜப்பான் கம்பெனியுடையதாகவே விடலாமா? பெங்களூரில் பார்ட்ஸ் விற்பவரைக் கேட்டேன். "அது செட் ஆகல்ல சார்" என்று கன்னடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார். சேராது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அதுவும் பத்து ஸ்பீடு, இதுவும் பத்து ஸ்பீடு; இரண்டுக்கும் பின்னால் பத்துப் பல்சக்கரம்தான். மைக்ரான் கணக்கில் உலோக அச்சு செய்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

அமெரிக்கா ஷிஃப்டரை வாங்கி மாட்டிப் பார்த்தால் ஒரு கிளிக்குக்குச் செயின் ஒரு பல்சக்கரத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போக முட்டியது. டீரெய்லரில் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டின் மறுபக்கமாகக் கேபிளைச் சுற்றி இறுக்கினேன். அப்படிச் செய்தால் டீரெய்லர் கொஞ்சம் குறைவாக நகரும். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றியபோது ஓரளவு ஒழுங்காக ஓடியது. நடுவில் இரண்டு கியரில் மட்டும் 'கரகர' என்று சத்தம். ஓடஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை என்பதும் உண்மை.

3. கடையில்

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தது அவருடைய கணவர் ஆரோக்கியம். பின்னால் பிலோமினா, முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"அண்ணா, இத யாருக்காவது குடுத்துருங்க" என்றார் ஆரோக்கியம். "ரெண்டு விரல் போனதே போதும். எழுந்து நின்னு மிதிச்சிருக்கா, செயின் ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல நின்னு குதிச்சிருச்சு. பின்னாடி லாரி வந்திருந்தா?"

பிலோமினாதான் பேசினார்.

"என் மிதிதான் தப்பா இருக்கும். கை இப்படி இருக்க நான் மேட்டுக்குப் போயிருக்கக்கூடாது."

அவர் பழியைத் தன் கைமேலேயே போட்டுக்கொண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா. தப்பு என்னுது. ரெண்டு கியர்ல சத்தம் வந்துச்சு. எனக்குத் தெரியும். சொல்லாம குடுத்துட்டேன்."

ஆரோக்கியம் என்னை முறைத்தார். பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க லைன்ல இது ரிஜெக்ட்ணா" என்றார். "நீங்க ஓகே போட்டு அனுப்பிட்டீங்க. பீஸ் தப்பா இருந்தா பரவால்ல, திருப்பி அனுப்பலாம். நான்தான் லாயக்கில்லன்னு ஒரு வாரமா நெனச்சிட்டிருந்தேன். அதுக்கு என்ன பண்றது?"

அதற்கு முன்பும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். தன் விரல் சரியாகத் தள்ளவில்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். டூல்ரூமில் நான் வாங்கிய எந்தத் திட்டும் அந்தக் கேள்வி அளவுக்கு உறைக்கவில்லை.

வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்தேன். மூன்று பேருமாக அளந்தோம். பழைய ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் கேபிளை இழுத்தது. புதியது மூன்று மில்லிமீட்டருக்கு மேல். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கிளிக்கிலும் சேர்ந்துகொண்டே போகிறது. நான் போல்ட்டில் செய்த வித்தை அதில் பாதியைத்தான் சரிக்கட்டியது. பிலோமினா எண்களைப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பி, "பாத்தியா, தப்பு கைமேல இல்ல" என்றார்.

பிறகு, "கையைக் கொஞ்சம் காட்டும்மா" என்றேன். அதுவரை அந்தக் கையை நான் நேராகப் பார்த்ததே இல்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னேன். மேலே பிரேக் பக்கம் பிடி தளர்ந்தது. கீழே வளைந்து முடியும் நுனியில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையும் சேர்ந்து இறுகப் பிடித்தன. அவருடைய பலம் அங்கேதான் இருந்தது. நான் அதற்கு எட்டாத இடத்தில் கியரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹேண்டில்பார் நுனியில் செருகும் லீவர் ஒன்று உண்டு. அதில் கிளிக் கிடையாது. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு கேபிள் நகரும். அதனால் எந்தக் கம்பெனி டீரெய்லரோடும் சேரும். ஆனால் செயின் சரியாக உட்கார்ந்ததா என்பதை ஓட்டுகிறவர்தான் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். கியர் மாற்றும்போது வலது கை பிரேக்கை விட்டுவிடும் என்பதையும் சொன்னேன்.

"இடது கையில முன் பிரேக் இருக்குல்ல? போடுங்க" என்றார். ஆரோக்கியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மொதல்ல நீங்க ஓட்டிப் பாருங்கண்ணா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

4. மேடு

லீவர் வந்ததும் மாட்டி, அதே மேட்டில் நானே மூன்று முறை ஏறினேன். எனக்கு மூச்சு வாங்கியது. செயின் நழுவவில்லை.

அடுத்த ஞாயிறு பிலோமினா ஏறினார். நான் மொபெட்டில் பின்னால் போனேன். பாதி மேட்டில் 'கரகர' சத்தம் எனக்கே கேட்டது. கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய சுண்டு விரல் லீவரை ஒரு நூல் அளவு தள்ளியது. சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று மிதித்தார்.

உச்சியில் ஆரோக்கியம் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். பிலோமினா பாட்டிலை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "லீவர் கொஞ்சம் இறுக்கமா இருக்குண்ணா, பாத்துக் குடுங்க" என்றார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்வது இதுதான். வேறு வேறு கம்பெனி பாகங்களைச் சேர்க்கலாம், தப்பில்லை. ஷிஃப்டர் கேபிளை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிட்டு மாட்டுங்கள். ஸ்டாண்டில் ஓடியதை நம்பாதீர்கள், மேட்டில் நீங்கள் ஏறிப் பாருங்கள். சரியாக வராததை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், அந்தக் குறை தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொள்வார்.