சிந்தாத தேத்தண்ணி

மலையில் விழுந்தவரைத் தூக்க எப்படியும் நாலு பேர் வந்துவிடுவார்கள். அந்த நாலு பேரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒருவரும் வரமாட்டார்கள். நான் வந்தேன். ஆசைப்பட்டு வரவில்லை. கண்டி மிஷன் பள்ளிக்கூடம் போதும் என்று எட்டாம் வகுப்போடு வீட்டுக்கு வந்தவளை, புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கழுவப் போட்டுவிட்டார்கள்.

முடிச்சு

எங்கள் ஆட்கள் சம்பளத்துக்குப் பள்ளத்தில் இறங்குகிறவர்கள் இல்லை. கொழுந்து மலையில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரர்கள். மண் சரிந்தது என்று சத்தம் கேட்டால் கயிற்றோடு ஓடி வருவார்கள். கீழே இறங்குகிறவர்தான் விழுந்தவரின் இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும். போன மழையில் நடுங்கிய கை போட்ட முடிச்சு, பாதி வழியில் அவிழ்ந்தது. விழுந்தவர் இரண்டாம் முறையும் விழுந்தார். முடிச்சுப் போட்டவர் இன்றுவரை லயத்து வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். இறங்கப் போகிறவர் என் கையால் ஒரு டம்ளர் நிறையச் சுடச்சுடத் தேத்தண்ணி வாங்கி, சிந்தாமல் கயிறு வரைக்கும் கொண்டுபோய்க் குடிக்க வேண்டும். சிந்தினால் கயிறு கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். புசல்லாவையில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் அக்குறணை ஊர்க்காரர் ரஷீது நானா மட்டும் சிரிக்கவில்லை. "பயமே இல்லாதவன் எண்ட கயித்துல தொங்க வாணாம். ரொம்பப் பயந்தவனும் வாணாம். கொஞ்சமாப் பயந்தவன் வரட்டும்" என்றார்.

வௌவால் குகை

வௌவால் எரு அள்ளப் போன ஒருவர் குகைக்குள் வழுக்கி விழுந்துவிட்டார். மாரிமுத்து அண்ணன் இறங்கினார். எங்கள் ஆட்களில் முடிச்சில் கெட்டிக்காரர் அவர்தான். ஆனால் மேலே வந்தது விழுந்தவரின் பிணம்.

அட்டை கடித்தால் உப்பு, கயிறு அறுத்தால் அயடின். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு சரி. அண்ணன் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. "சோறு ஆறுது, வாங்க" என்று கத்தினேன். ஐயா என்னை அதட்டினார். பள்ளத்தில் இறங்கிவிட்டு வந்தவர்களை ஒன்றாக நெருப்பைச் சுற்றி உட்கார வைக்க வேண்டும், யாரையும் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றார். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "சோத்துல அந்தக் குகை வாசம் வருது புள்ள."

காலி டம்ளர்

அடுத்த சரிவில் விழுந்தது அவருடைய தம்பி செல்லையா. மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவன் மண்ணோடு சேர்ந்து போய், பாதிப் பள்ளத்தில் ஒரு பாறை விளிம்பில் கிடந்தான். "அண்ணே! அண்ணே!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. மேலே மழை. மண் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

மாரிமுத்து அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு புதர்ப்பக்கம் திரும்பினார். கயிற்றுக்கு வரும்போது டம்ளர் காலி. "குடிச்சிட்டேன்" என்றார். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு அது. ஒரே மடக்கில் குடிக்க எந்த நாக்கும் தாங்காது. குனிந்து பார்த்தேன். வேட்டியெல்லாம் நனைந்து, தொடை சிவந்திருந்தது. சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க இறங்கக் கூடாது" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அவரைவிட நன்றாக முடிச்சுப் போட ஆள் இல்லை. தம்பி செத்தால் கொன்றது நான்தான். ஐயா என் பக்கம் நின்றார். ரஷீது நானா ஒரு சொட்டுச் சிந்தாமல் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அண்ணன் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, என் கண்டிப் படிப்பைக் குத்திக் காட்டினார். "தம்பி மேல வரலைன்னா, டீச்சரம்மா, அந்தத் தேத்தண்ணிய ஒங்க கையாலேயே அவன் வாயில ஊத்துங்க."

என் டம்ளர்

நானா இறங்கிய கொஞ்ச நேரத்தில் செல்லையாவின் குரல் நின்றுவிட்டது. கயிறு அசையவில்லை. மண் விழும் சத்தம் மட்டும். ஐயா என் கையில் ஒரு டம்ளரைத் திணித்து, "குடி பிள்ளை" என்றார். குடித்தேனா என்று நினைவில்லை.

தூக்கச் சொல்லும் அடையாளமாகக் கயிறு இரண்டு தரம் வெட்டி இழுத்தது. எல்லோரும் பிடித்து இழுத்தார்கள். முதலில் ஒரு கை வந்தது, பிறகு சேறு பூசிய தலை, பிறகு, "மெதுவா இழுங்கடா, காலு ஒடைஞ்சிருக்கு!" என்ற வசவு. அவனுக்குப் பின்னால் நானா வந்தார். வந்ததும் தரையில் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

அண்ணன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஐயா காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். நான் நழுவி வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். அண்ணன் என் பாவாடையைப் பார்த்துவிட்டார். முன்பக்கம் முழுக்கத் தேத்தண்ணி. சுட்டது எனக்கும் தெரியவில்லை. "டீச்சரம்மா, நெருப்புகிட்ட வந்து எங்ககூட உக்காருங்க. ஒங்களையும் தனியா வீட்டுக்கு விடக் கூடாது."

உயிர் காக்கப் போகிறவர்களின் உடம்பைக் காக்கிற பெரிய உத்தியோகம் என்னுடையது, ஆனால் அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஐயா அரை டம்ளர்தான் ஊற்றுகிறார்.