தங்கூசிக் கட்டு

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனின் ரத்தம் கையில் பட்டால் சில்லென்றிருக்கும். அதிலேயே கை நனைந்து வளர்ந்த எனக்கு, அந்தச் சனிக்கிழமை காலை என் மணிக்கட்டில் சுடச்சுட வழிந்தது மீனுடையதல்ல என்பது பார்க்காமலே தெரிந்தது. வஞ்சிரம் வழுக்கி, செல்வி அக்காவின் வலது கை அரிவாள்மனையில் இறங்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஆழமாக அறுபட்டிருந்தன.

அப்பா கடலில் இருந்தார். அம்மா கூடையோடு கோட்டுச்சேரிப் பக்கம் விற்கப் போயிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அப்போது ஆறாம் வகுப்பு. அதை இன்றும் பெருமையோடுதான் எழுதுகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா வீட்டிலேயே இருந்து மீன் அறுத்ததால்தான் நான் போக முடிந்தது.

காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும், கட்டியதை மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படத்தில் இருந்தது அகலமான துணி. ஆனால் திருவேட்டக்குடியில் எங்கள் தெருவில் கட்டுவது என்றால் ‘தங்கூசி’தான், செருப்பு அறுந்தாலும் வேலி சாய்ந்தாலும் அந்த மெல்லிய நைலான் நரம்பைத்தான் எடுப்போம். இரண்டு விரல்களின் அடியிலும் பல சுற்று சுற்றி, இழுக்க இழுக்க இறுகும் வலை முடிச்சைப் போட்டேன். ரத்தம் நின்றது. எனக்குத் தலை நிமிர்ந்தது.

எதிர்வீட்டுச் சித்தி ஒரு கையில் காப்பித்தூளும் மறு கையில் பழைய வேட்டித் துணியுமாக ஓடிவந்தார். காப்பித்தூளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது; பாடத்தில் அதெல்லாம் இல்லை என்றேன். “அமுக்குனா அடங்கும், நெரிச்சா செத்துப்போவும்டி” என்று அவர் துணியை நீட்டினார். அந்தத் துணியும் வேண்டாம் என்றேன். படிக்கிற பிள்ளை சொல்கிறதே என்று அவரும் போய்விட்டார். காப்பித்தூள் தப்பு, துணி சரி என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அக்கா முதலில் வலிக்கிறது என்றாள். பிறகு விரலெல்லாம் ஊசியாகக் குத்துகிறது என்றாள். மதியம் அழுதுகொண்டே, “அவுத்துவுடுடி, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள். டாக்டர்தான் அவிழ்க்கணும், அம்மா வரட்டும் என்றேன். இடது கையால் முடிச்சைப் பிய்க்கப் பார்த்தவளின் கையைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வலி இல்லை என்றாள். கட்டு வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நான்கு மணிக்கு அம்மா வந்தபோது விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. வீங்கிய சதைக்குள் தங்கூசி புதைந்து, கட்டு எங்கே என்றே தெரியவில்லை. காரைக்காலில் ஆஸ்பத்திரியில், யார் கட்டியது என்று டாக்டர் கேட்டதும், பாராட்டப்போகிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. சுத்தமான துணியை வைத்து, கையைத் தூக்கிப் பிடித்து, விடாமல் அழுத்திக்கொண்டு உடனே வந்திருந்தால் தையலோடு போயிருக்கும் என்றார். ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “உன்னப் படிக்க வச்சதுக்கு அவ ரெண்டு தடவ குடுத்துட்டா” என்றாள்.

நான் நர்சிங் முடித்து எட்டு வருடமாகிறது. தினமும் எத்தனையோ பேருக்குக் காயம் கட்டுகிறேன். எங்கள் தெருவில் இப்போது அரிவாள்மனை இல்லை, கத்திதான். எதிர்வீட்டுச் சித்தி இறந்துவிட்டார். யாராவது வீம்புக்குச் செய்து கெடுத்ததையெல்லாம் ஊரில் ‘படிச்சவ கட்டுன கட்டு’ என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்; அந்தப் பேச்சும் மறைந்துவிட்டது.

போன மாதம் அக்காவின் ஏழு வயது மகள் தகரத்தில் முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். சுத்தமான துணியோடு நான்தான் முதலில் ஓடினேன். அக்கா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நீ தள்ளி நில்லு” என்றாள். தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, கட்டைவிரலாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களாலும் அழுத்தினாள். சரியாகத்தான் அழுத்தினாள். கையிலிருந்த துணியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.